குறையைச் சொல்லாதீர்கள், தடையைச் சொல்லுங்கள்: வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிகளுக்கு 21 குறிப்புகள்

வேலை உத்தரவு வந்த அன்று வீட்டில் பாயசம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு அலுவலக வாசலில் போய் நின்றால் மூன்று படி. கைப்பிடி இல்லை. காவலாளி ஓடிவந்து, "தூக்கி விடட்டுமா?" என்கிறார். உள்ளே மேலாளர் கேட்கிறார், "ஏதாவது சிரமமா இருக்கா?" உடனே நம் வாயில் வருவது: "பரவாயில்ல சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

அந்தப் பரவாயில்லைதான் பிறகு முதுகுவலியாகவும், தாமதமாகவும், ஒருநாள் ராஜினாமாக் கடிதமாகவும் வந்து நிற்கிறது. அங்கே சொல்லியிருக்க வேண்டியது, "இந்தப் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் வேண்டும்" என்பது. குறை நம் உடம்போடு இருக்கிறது. தடை படியில் இருக்கிறது. உடம்பை மாற்ற முடியாது, படியை மாற்றலாம். அப்படிக் கேட்பதற்குத் தேவையான காகிதம், சட்டம், வழிமுறை, வீட்டுக் கைமருந்து எல்லாம் கீழே இருக்கின்றன.

அட்டையும் காகிதமும்

1. முதலில் யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் தரும் தேசிய அடையாள அட்டைப் புத்தகம் கையில் இருந்தாலும் இதையும் எடுத்துவிடுங்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் அட்டையில் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். 2024-ல் திருத்திய விதிகளின்படி மூன்று மாதத்துக்குள் சான்று தர வேண்டும். விண்ணப்ப எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். விசாரிக்கப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

2. விண்ணப்பிக்கும் முன் பெயரைச் சரிபாருங்கள். பள்ளிச் சான்றிதழில் இன்ஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், ரேஷன் கார்டில் அப்பா பெயர் முழுசாக. நம் ஊரில் இது சர்வசாதாரணம். அட்டையில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் விழுந்துவிட்டால் வங்கி, தேர்வு, வேலை என்று ஒவ்வொரு வாசலிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். ஆதாரை முதலில் திருத்திவிட்டு, அதில் உள்ளபடியே மற்றதையும் எழுதுங்கள்.

3. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இருந்தவை ஏழுதான். தலசீமியா, ஹீமோபீலியா, பார்க்கின்சன் நோய், கற்றல் குறைபாடு, அமிலவீச்சால் பாதிப்பு எல்லாம் இன்று பட்டியலில் உண்டு. "நமக்கெல்லாம் தரமாட்டார்கள்" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள்.

4. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதம் கட்டாயம்; வசதி கேட்பதற்கு அல்ல. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறுள்ள விகாஷ் குமார் என்ற தேர்வர், குடிமைப்பணித் தேர்வுக்கு எழுத்தர் உதவி கேட்டு வழக்குப் போட்டார். 40 சதவீதத்தை எட்டவில்லை என்பதற்காக அதை மறுக்கக்கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையில் 30 சதவீதச் சான்றுதான் இருக்கிறது என்றால் இந்தத் தீர்ப்பின் பெயரை நினைவில் வையுங்கள்.

5. ஒரு துணிப்பை, ஒரு ஃபைல். அட்டை, மருத்துவச் சான்று, ஆதார், வருமானச் சான்று, சாதிச் சான்று, கல்விச் சான்று எல்லாவற்றிலும் ஐந்தைந்து ஜெராக்ஸ். கூடவே ஆறு புகைப்படம். மூலச் சான்று வீட்டிலேயே இருக்கட்டும். கேட்டால் மட்டும் எடுத்துப் போங்கள். அட்டையை டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டால் கைபேசியிலேயே காட்டலாம். சான்று தற்காலிகமானது என்றால், முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே நாள்காட்டியில் ஒரு வட்டம் போடுங்கள்.

வேலை தேடும்போது

6. அரசு வேலையில் 4 சதவீதம் உங்களுக்கு. பார்வைக்கு 1, செவிக்கு 1, கை கால் இயக்கத்துக்கு 1. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்ந்து 1. அறிவிப்பில் பதவிக்கு எதிரே வரும் எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள்: எல்.வி. குறைபார்வை, எச்.எச். கேள்விக்குறை, ஓ.ஏ. ஒரு கை, ஓ.எல். ஒரு கால், பி.எல். இரு கால். உங்கள் சான்றில் உள்ள வகை அந்தப் பதவிக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள். சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. அங்கும், உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்து வையுங்கள்.

7. எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது மத்திய அரசு வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். ஆனால் விண்ணப்பத்திலேயே அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருக்க வேண்டும். தேர்வு அறையில் போய்க் கேட்டால் நடக்காது. எழுத்தரை நீங்கள் அழைத்து வரலாமா, அவர்கள் தருவார்களா என்பது தேர்வுக்குத் தேர்வு மாறும். ஒவ்வொரு முறையும் அறிவிப்பைப் புதிதாகப் படியுங்கள்.

8. நேர்காணல் மாடியிலா, லிஃப்ட் இருக்கிறதா, சைகைமொழிபெயர்ப்பாளர் வருவாரா என்பதை மூன்று நாள் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். உள்ளே, "இந்த வேலையை நீங்க எப்படிச் செய்வீங்க?" என்ற கேள்வி கட்டாயம் வரும். கோபப்படாமல் செய்து காட்டுங்கள். திரைவாசிப்பானில் ஒரு கோப்பைத் திறந்து, இரண்டு நிமிடத்தில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால், அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததும் புரிந்துவிடும்.

வேலையில் சேர்ந்த பிறகு

9. தடையை நீக்க நாம் கேட்கும் மாற்றத்துக்குச் சட்டத்தில் பெயர் 'நியாயமான வசதி'. ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யத் தேவைப்படும், நிறுவனத்தின் மேல் தாங்க முடியாத சுமை ஏற்றாத மாற்றங்கள் என்று பொருள். அரசு அலுவலகம் இதைச் செய்து தந்தாக வேண்டும். இந்த வசதியை மறுப்பதும் பாகுபாட்டில் சேர்த்தி என்கிறது சட்டம். தனியார் உட்பட எல்லா நிறுவனமும் 'சம வாய்ப்புக் கொள்கை' ஒன்றை எழுதி அறிவிக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், என்னென்ன வசதி தருவார்கள், இதைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே எச்.ஆர். பிரிவில், "சம வாய்ப்புக் கொள்கை ஒரு காப்பி கிடைக்குமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், உங்கள் கேள்வியால்தான் அதை எழுதவே உட்காருவார்கள்.

10. வாய்ச்சொல் வேண்டாம், கடிதம் எழுதுங்கள். அதில் நான்கு விஷயம் போதும்: நான் யார், எது தடுக்கிறது, என்ன வேண்டும், கிடைத்தால் வேலை எப்படி நடக்கும். மாதிரிக்கு ஒன்று:

"ஐயா, கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எனக்கு 60 சதவீதம் பார்வைக் குறைபாடு. அட்டை நகல் இணைத்துள்ளேன். இப்போதுள்ள சிறிய திரையில் எண்களைப் படிக்க நேரமாவதால் தினக் கணக்கு முடிய மாலை ஏழாகிறது. 24 அங்குலத் திரையும், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காத இருக்கையும் கிடைத்தால் ஐந்தரைக்குள் முடித்துத் தருவேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 கூறும் நியாயமான வசதியாக இவற்றை 15 நாட்களுக்குள் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் புலம்பல் இல்லை, கெஞ்சல் இல்லை, நோயின் வரலாறு இல்லை. அலுவலகத்தின் வேலை நின்றுபோகும் இடம் எது என்பது மட்டும் இருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பி ஒரு நகலைச் சொந்த முகவரிக்கும் போடுங்கள். தாளில் கொடுத்தால் இன்னொரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

11. என்ன கேட்பது என்று தெரியவில்லையா? சக்கர நாற்காலிக்கு முழங்கால் உள்ளே போகும் உயரத்தில் மேசை, தரைத்தளத்தில் இடம், நடைவழியில் பெட்டி அடுக்காமை. பார்வைக்குத் திரைவாசிப்பான், படமாக ஸ்கேன் செய்யாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்த சுற்றறிக்கை. செவிக்கு, கூட்டம் முடிந்ததும் எழுத்தில் சுருக்கம். கை நடுக்கத்துக்குக் குரல் தட்டச்சு. ஆட்டிசம் உள்ளவர்க்குச் சத்தம் குறைந்த மூலை, ஒவ்வொரு வேலையையும் வரிசையாக எழுதித் தருதல். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்க்கு, காலைத் தூக்கம் கலையும்வரை ஒரு மணி நேரம் தள்ளி வருகை. தலசீமியா, அரிவாள் செல் நோய் உள்ளவர்க்கு, ரத்தம் ஏற்றும் நாளுக்கேற்ப விடுப்பு. இவற்றில் பாதிக்குப் பைசா செலவில்லை. கடிதத்தில் செலவில்லாததை முதலில் எழுதுங்கள்.

12. உடன் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காது கேளாதவரிடம் கத்தாதீர்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, வாயைக் கையால் மறைக்காமல் பேசுங்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். சக்கர நாற்காலி அதில் இருப்பவரின் உடம்பு மாதிரி. கேட்காமல் தள்ளுவது, முன்பின் தெரியாதவரைத் தோளில் கைபோட்டு நகர்த்துவதற்குச் சமம்.

13. தீ விபத்து ஒத்திகையில் எல்லோரும் படி வழியாக இறங்குவார்கள், லிஃப்ட் நின்றுவிடும். அப்போது உங்களை யார் இறக்குவது? இரண்டு பேர் பெயரை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் விடுப்பில் இருந்தால் மற்றவர் இருப்பார். காது கேளாதவர் இருக்கும் தளத்தில் மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும்.

14. விபத்திலோ நோயிலோ பணிக்காலத்தில் குறைபாடு வந்துவிட்டால், யார் சொன்னாலும் அவசரப்பட்டு ராஜினாமா கொடுக்காதீர்கள். அரசு நிறுவனம் அந்தக் காரணத்துக்காக ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது சட்டத்தின் 20-ஆவது பிரிவு. பழைய வேலை முடியாது என்றால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை. அப்படி ஒன்று இல்லையென்றால் கிடைக்கும்வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். நிறக்குருடு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கில், மாற்று வேலை தேடிப் பார்க்காமல் அனுப்பியது தவறு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

15. கடிதத்துக்குப் பதில் இல்லையா? 15 நாள் கழித்து ஒரு நினைவூட்டல். பிறகு தொடர்பு அலுவலர். அரசு அலுவலகம் என்றால் குறைதீர்ப்பு அலுவலர். அதற்கும் மேலே, மாநில அளவில் மாற்றுத்திறனாளிகள் ஆணையர். வங்கி, ரயில்வே போன்ற மத்திய நிறுவனம் என்றால் டெல்லியில் தலைமை ஆணையர். விசாரணையில் இவர்களுக்குச் சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. இவர்களின் பரிந்துரைமேல் எடுத்த நடவடிக்கையை நிறுவனம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. இந்த வழியில் போகும்போது உங்கள் பத்தாம் எண் கடிதம்தான் முதல் ஆவணம்.

வீட்டில்

16. சாய்தளத்துக்கு எளிய கணக்கு: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. மூன்று படிக்குப் பதினெட்டு அடி! கொத்தனார் இடமில்லை என்று மூன்றடியில் சரித்துக் கட்டிவிடுவார். அதில் நாற்காலி ஏறாது, இறங்கும்போது கவிழும். நேராக இடமில்லை என்றால் நடுவில் சமதளம் விட்டு மடக்கிக் கட்டச் சொல்லுங்கள். வழவழப்பான டைல்ஸ் வேண்டாம்; சிமென்டில் கோடு இழுத்தால் போதும். வாசல் 90 சென்டிமீட்டர் அகலம். அலுவலகத்தில் சாய்தளம் கேட்கும்போதும் இதே கணக்கைக் கடிதத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் கண்துடைப்புக்கு ஒன்று கட்டிவிட்டுப் படம் எடுத்துப் போய்விடுவார்கள். பொது இடங்களில் இத்தகைய வசதிகள் நிறுவனத்தின் விருப்பமல்ல, கட்டாயம் என்பது 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை.

17. குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவு அவர்மேலேயே முட்டி நின்றுவிடும். டவல் கம்பி பிடிமானம் ஆகாது. சுவரில் ஆழமாகப் பதித்த இரும்புக் கைப்பிடி வேண்டும். நகராத பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று, கையால் எடுக்கும் ஷவர் ஒன்று. வாளியைத் தூக்கும் வேலையே இல்லாமல் போகும்.

18. கைபேசியிலும் கணினியிலும் ஏற்கெனவே இருப்பதைத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் திரையைப் படித்துச் சொல்லும். லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி எதிரில் இருப்பவர் தமிழில் பேசுவதையே எழுத்தாகக் காட்டும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் பொத்தானோடு கூட்டல் குறியை அழுத்தினால் திரை பெரிதாகும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால், இரண்டு மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டியதை ஒரு விரலால் ஒவ்வொன்றாக அழுத்தலாம். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் முற்றிலும் இலவசம். பணம் கேட்டு அலுவலகத்தில் காத்திருக்கும் முன் இதை நிறுவிப் பழகுங்கள்.

19. கருவிகளைக் கவனியுங்கள். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் ஈரத் தரையில் நிச்சயம் வழுக்கும். மழைக்காலம் தொடங்கும் முன் மாற்றுங்கள், பையில் ஒன்று உபரியாக இருக்கட்டும். காதுக் கருவியை இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்; நம் ஊர் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் அதுதான் மருந்து. சக்கர நாற்காலியின் டயரில் காற்று குறைந்தால் தோள்பட்டை வலிக்கும். வாரம் ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். காலிப்பர், செயற்கைக்கால் கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

பயணமும் பணமும்

20. தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. சென்னையில் 2024 ஆகஸ்ட் முதல் தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. ரயில் சலுகைக்கு ரயில்வேயிடம் தனி அடையாள அட்டை பெற வேண்டும். அது இருந்தால் இணையத்திலேயே சலுகைச் சீட்டு எடுக்கலாம். பணத்தைப் பொறுத்தவரை மூன்று விஷயம். பழைய வரி முறையைத் தேர்ந்தால் ஆண்டுக்கு 75,000 ரூபாய், 80 சதவீதக் குறைபாட்டுக்கு 1,25,000 ரூபாய் வருமானத்தில் கழியும். சம்பளப் பிரிவில் சான்று கொடுத்தால்தான் கழிப்பார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவ வசதிக்கு மற்றவர்களுக்குச் சம்பள வரம்பு 21,000, மாற்றுத்திறனாளிக்கு 25,000. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிராமயா' காப்பீடு ஒரு லட்சம் வரை உண்டு. வங்கியில் கண் சிமிட்டச் சொல்லும் கே.ஒய்.சி. அடையாளச் சரிபார்ப்பு உங்களால் முடியாது என்றால் மாற்று வழி கேளுங்கள். இணையச் சேவைகளை எட்டுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

21. கடைசிக் குறிப்பு வீட்டில் இருப்பவர்களுக்கு. அலுவலகத்திலோ ஆஸ்பத்திரியிலோ பிள்ளையிடம் கேட்கிற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "அவனுக்கு முடியாதுங்க, நான் சொல்றேன்" என்று பத்து வயதில் தொடங்கினால், முப்பது வயதில் மேலாளர் எதிரில் அந்தப் பிள்ளைக்கு வாய் வராது. ரேஷன் கடையில், மருந்துக் கடையில், பேருந்தில் தனக்கு வேண்டியதைத் தானே கேட்கப் பழகட்டும். நேரமாகும், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

இந்த 21-ல் இன்றைக்கே செய்யக்கூடியது பத்தாவது. ஒரு தாளை எடுங்கள். நாளை காலை உங்களை நிறுத்தப்போகும் அந்தப் படியையோ, திரையையோ, கூட்டத்தையோ முதல் வரியில் எழுதுங்கள். "அட்ஜஸ்ட்" என்ற சொல் மட்டும் அதில் வர வேண்டாம்.